எதைப் பற்றி, ரீச்சர்?

கொடிகாமம் சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. மங்கையக்கா, சிற்சபேசன் மாஸ்டரின் மனைவி. "ரீச்சர், இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். காலையில் செவ்வந்திக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர், பேப்பரை மடியில் விரித்தபடியே போய்விட்டாராம். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். முருங்கைக்காய்க்காரி பேரத்தை மறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து எனக்கு வந்த யோசனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உடனே சிற்சபேசன் மாஸ்டருக்கு ரெலிபோன் எடுத்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால், இல்லாத ஒன்றை நினைக்கும்போது அந்த நினைப்பு எங்கே போய் முட்டுகிறது என்பது அவர் என்னோடு காலம் முழுக்கப் பிடித்த சண்டை. இதோ என் தலைக்குள் முதல்தரமான உதாரணம் ஒன்று வந்து குந்தியிருக்கிறது. அதைக் கேட்டுத் துள்ளக்கூடிய ஒரே ஆள் அந்த உதாரணமாகவே ஆகிவிட்டார். சந்தை நடுவில் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பேசிய விலையைக் கொடுத்துவிட்டு, முருங்கைக்காயை அங்கேயே மறந்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இந்தக் கல்வெட்டை, மாஸ்டரின் இந்த நினைவுப் புத்தகத்தை, கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். கோப்பாயில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே ஆசிரியர் அறையில், எதிரும் புதிருமாகக் கதிரை போட்டு இருந்தவர்கள் நாங்கள். நான் உயிரியல், அவர் அளவையியல், அதாவது தர்க்கம். நான் தவளையை அறுப்பேன். அவர் வசனத்தை அறுப்பார். இரண்டிலும் இரத்தம் வரும் என்று அப்போதைய அதிபர் சொல்வார்.

சண்டை தொடங்கியது ஒரு படத்தில். மூளையின் நரம்புக்கலம் ஒன்றைக் கரும்பலகையில் வடிவாகக் கீறிப் பாடம் நடத்திவிட்டு, களைத்துப்போய் வந்து கதிரையில் விழுந்தேன். எனக்குப் பின்னால் அதே வகுப்பறைக்குப் போக வேண்டியவர் மாஸ்டர். போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

"ரீச்சர், இப்ப என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

"ஒரு தேத்தண்ணி குடிச்சால் நல்லாயிருக்கும் எண்டு."

"நல்லது. உங்கடை உந்தப் படத்திலை தேத்தண்ணி எங்கை இருக்கு?"

"படத்திலை என்னெண்டு மாஸ்டர் தேத்தண்ணி இருக்கும்? அது நரம்பு. உள்ளுக்கை ஓடுறது மின்சாரம்."

"அப்ப உங்கடை தலையைத் திறந்து பார்த்தால் தேத்தண்ணி இராது, மின்சாரம்தான் இருக்கும். கோப்பாய்ச் சந்தியிலை நிக்கிற ட்ரான்ஸ்போமருக்குள்ளையும் மின்சாரம்தான் ஓடுது. அது தேத்தண்ணியை நினைக்குதோ? உங்கடை மின்சாரம் மட்டும் எதைப் பற்றி, ரீச்சர்?"

எனக்குத் தலையிடி. பசி. எரிச்சலில் சொன்னேன்: "ட்ரான்ஸ்போமருக்குத் தேத்தண்ணி வராட்டில் அது கோவிக்காது, மாஸ்டர். நான் கோவிப்பன்."

மனிதர் கைகொட்டிச் சிரித்தார். தன் வகுப்பை மறந்து குசினிப் பக்கம் போய், தானே ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "நல்ல மறுமொழி. ஆனால் முழு மறுமொழி இல்லை" என்றார். அதன்பிறகு நான் என்ன பாடம் நடத்தினாலும், எந்தக் கூட்டத்தில் எதைக் கதைத்தாலும், வாசற்படியில் நின்று "எதைப் பற்றி, ரீச்சர்?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. விசர் மனிதர் என்று எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். திட்டினால் இன்னும் சந்தோசப்படுவார்.

மேகத்தின் கதையைப் பழைய மாணவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு பின்னேரம் மாஸ்டர் விறாந்தையில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். வானத்தில் ஒரு பெரிய மேகம், அசல் எங்கள் அதிபரின் பக்கவாட்டு முகம். அந்த மூக்கு, அந்த இரட்டை நாடி, நெற்றிக்கு மேல் ஒட்டியிருக்கும் நாலு மயிர் உட்பட. ஆசிரியர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"ரீச்சர், உந்த மேகம் அதிபரைப் பற்றினதோ?"

"இல்லை. சும்மா தற்செயலா அவரைப்போல வந்திருக்கு."

"ஆக, போல இருந்தால் மட்டும் காணாது. அப்ப நீங்கள் அதிபரை ஒரு படம் கீறினால்?"

"அது அவரைப் பற்றினது. நான் அவரை நினைச்சுக் கீறுறன்."

"சரி. படத்துக்கு உங்கடை நினைப்பு முண்டு குடுக்குது. உங்கடை நினைப்புக்கு ஆர் முண்டு குடுக்கினம்? அதை ஆர் உங்களுக்குள்ளை நினைச்சுக் கீறினது?"

நான் வாயைத் திறக்கமுன்னர் பின்னால் ஒரு குரல்: "என்ன எல்லாரும் மேலை பாக்கிறியள்?" அதிபர்தான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். மாஸ்டர் மட்டும் மிகவும் மரியாதையாக, "உங்களைப் பற்றினதில்லை, சேர். அதைத்தான் நிறுவிக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார். அதிபர் வானத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு தன் மூக்கைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். மாஸ்டரின் அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் மறுமொழி சொல்லவில்லை.

இனி நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் ஆளுக்கொரு கல்வெட்டு தருவார்கள்: முன்னால் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, பிறகு புகழுரை. நாங்களெல்லாம் படத்தைப் பார்த்து "வடிவா வந்திருக்கு" என்று சொல்லி, பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மாஸ்டர் அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார். புகழுரையில் இறந்தவரின் பெயரை அடித்துவிட்டு, மேலே வேறொரு பெயரை எழுதி வாசித்துப் பார்ப்பார். பொருந்தினால் எனக்கு நீட்டுவார். "பாத்தியளோ? பெயரை மாத்தினாலும் நிக்குது. அப்ப உது ஆரைப் பற்றினது? ஒருத்தரையும் பற்றினதில்லை."

ஒருமுறை ஒரு வீட்டுக் கல்வெட்டில், "எல்லோரோடும் இனிமையாகப் பழகி, அயலவர் உள்ளங்களில் நீங்கா இடம் பிடித்தவர்" என்று அச்சடித்திருந்தது. அந்த மனிதர் நாலு பக்கத்து அயலோடும் எல்லைவேலிக்குச் சண்டை பிடித்து, நாலு பக்கமும் கோட்டில் வழக்குப் போட்டவர். மாஸ்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நீங்கா இடம் எண்டது மெய்தான், ரீச்சர். வேலியைத் தள்ளிப் பிடிச்ச இடம் இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை" என்றார். வாயில் இருந்த சோடா எனக்கு மூக்கால் வந்தது. இறந்தவரின் தம்பி திரும்பி எங்களை முறைத்துப் பார்த்தார்.

ஆனால் செல்லையா அண்ணையின் முப்பத்தோராம் நாளில் மாஸ்டரின் சிவப்புப் பேனைக்கே வேலை இல்லாமல் போயிற்று. செல்லையா அண்ணை புத்தூரில் மாஸ்டரின் அடுத்த வளவுக்காரர், வெங்காயம் பயிர் செய்தவர். சாப்பாடு முடிந்தது, கல்வெட்டும் தந்தார்கள். மாஸ்டர் பிரித்தார். பேனையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ரீச்சர், செல்லையா அண்ணை எப்ப ஸ்டேசன் மாஸ்டரா இருந்தவர்?"

வாங்கிப் பார்த்தேன். முன்னால் படம் செல்லையா அண்ணைதான். வம்சாவளியும் அவருடையதுதான். நடுவில் இருந்த புகழுரையோ இப்படிப் போனது: "அன்னார் பச்சைக்கொடி அசைக்காமல் எந்தப் புகையிரதமும் நகர்ந்ததில்லை. அன்னாரின் கடிகாரத்தைப் பார்த்தே ஊரார் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர்." அச்சகத்தில் அந்தக் கிழமை இரண்டு கல்வெட்டுகள் ஓடியிருக்கின்றன, நடுத்தாள்கள் மாறிவிட்டன. புகழுரை முழுவதும் "அன்னார், அன்னார்" என்றே இருந்தபடியால் எழுத்துப்பிழை பார்த்தவரும் பிடிக்கவில்லை. பிறகு கேள்விப்பட்டோம், கொடிகாமத்தில் அந்த ஸ்டேசன் மாஸ்டரின் வீட்டில் "அன்னார் வெங்காயச் செய்கையில் கைராசிக்காரர்" என்று வாசித்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் "அருமையா எழுதியிருக்கினம்" என்று சொல்லிப் போனார்களாம்.

பந்தலில் இருந்தவர்களுக்குள் குசுகுசுப்புத் தொடங்கியது. செல்லையா அண்ணையின் மனைவி கமலாக்கா அந்த ஒரு மாதமும் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்காமல் அறைக்குள்ளேயே இருந்தவர். அவரிடம் யார் போய்ச் சொல்வது? மருமகள் பயந்து பயந்து போய் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். நாங்கள் வாசலில் நின்றோம். கொடி என்றபோது கமலாக்கா நிமிர்ந்தார். கடிகாரம் என்றபோது அவருடைய தோள்கள் குலுங்கின. ஐயோ, அழத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனோ? இந்த மனுசன் சீவியத்திலை ஒரு பஸ்ஸை நேரத்துக்குப் பிடிச்சதில்லை! எங்கடை கலியாணத்துக்கே நாள் முகூர்த்தம் தவறி வந்தவர்! இவர் கொடி காட்டி ரயில் வெளிக்கிட்டதெண்டால், அது இண்டைக்கும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திராது!"

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு அண்ணை பஸ்ஸைத் தவறவிட்ட கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பந்தலே உள்ளே வந்து சுற்றி நின்று கேட்டது. சிரித்த சிரிப்பில் கமலாக்காவுக்குக் கண்ணீர் வந்தது; பிறகு அது உண்மையாகவே அழுகையாயிற்று; பிறகு தேத்தண்ணி கேட்டார். செல்லையா அண்ணை அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்து போனதுபோல இருந்தது.

திரும்பி வரும்போது மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். பிறகு சொன்னார்:

"எழுத்து அவரைப் பற்றினதில்லை, ரீச்சர். ஒரு சொல்லும் அவருக்குப் பொருந்தேல்லை. ஆனால் கமலாவின்ரை சிரிப்பு அவரைப் பற்றினது, வேறை ஆரையும் பற்றினதில்லை. அது எங்கையிருந்து வந்தது?"

"நரம்பிலை இருந்து" என்றேன் நான். விட்டுக்கொடுக்கலாமா?

"அந்த நரம்புக்கு விலாசம் ஆர் எழுதிக் குடுத்தது?" என்றார் அவர். படலையடியில் நின்று ஒரு நிபந்தனையும் போட்டார். "நான் போனால் எனக்கு எழுதிறது நீங்கள்தான். பெயரை மாத்தினால் இன்னொருத்தருக்குப் பொருந்திற மாதிரி எழுதினியளோ, சிவப்புப் பேனையோடை வருவன்."

"நான் முந்திப் போனால்?"

"அப்ப நான் எழுதுவன்: அன்னார் எல்லோரோடும் இனிமையாகப் பழகாதவர்."

அந்த நிபந்தனைதான் இந்த மாதம் முழுக்க என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுதுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் எழுதியதெல்லாம் பிழைத்தது. "நகைச்சுவை உணர்வு மிக்கவர்" என்று எழுதினேன். எத்தனை பேருக்குப் பொருந்தும்! அடித்தேன். "ஒரு பக்கம் சரிந்த கண்ணாடி, பின்சில்லுக்கு மட்காட் இல்லாத சைக்கிள், பையில் சிவப்புப் பேனை" என்று எழுதினேன். இப்படி ஒரு மாஸ்டர் பருத்தித்துறையில் இருக்கமாட்டார் என்று யார் கண்டது? அடித்தேன். எவ்வளவு சொன்னாலும், சொன்னது அத்தனையும் பொருந்துகிற இன்னொருவர் எங்கேயோ இருக்கலாம் என்ற எண்ணம் போகவில்லை. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது. சொல்லால் அவரைப் பிடிக்க முடியாவிட்டால், நான் ஒரு மாதமாக அழுதுகொண்டிருப்பது மட்டும் யாரைப் பற்றி?

இதற்குள் கனடாவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்து நிற்கும் மகன் நிரஞ்சன் ஒரு புகழுரையோடு வந்தான். "ரீச்சர், நீங்கள் கரைச்சல்படாதேங்கோ. போனிலை கேட்டன், உடனை எழுதித் தந்திட்டுது." வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, தமிழ் நல்ல தமிழ். "அறிவின் சுடராய், அன்பின் ஊற்றாய், வாசலுக்கு வந்தவரையெல்லாம் மகிழ்வோடு வரவேற்று, இறுதிவரை இல்லத்தைக் காத்து நின்றவர்." மாஸ்டரின் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டதே, பெயரை மாற்றிப் பார்த்தேன். என் பெயரைப் போட்டேன், பொருந்தியது. பழைய அதிபரின் பெயரைப் போட்டேன், பொருந்தியது. வாசலில் படுத்திருந்த நாய் ஜிம்மியின் பெயரைப் போட்டேன். மாஸ்டரை விட ஜிம்மிக்குத்தான் நன்றாகப் பொருந்தியது. நிரஞ்சனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே, "எனக்கு எழுத வரேல்லை ரீச்சர். அப்பா எண்டு தொடங்கினால் அங்காலை போகுதில்லை" என்றான்.

நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில், கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போய், மங்கையக்காவை இருத்தி வாசித்தேன். மேகத்துக்குச் சிரித்தார். செல்லையா அண்ணைக்குக் கண்ணைத் துடைத்தார். அடுத்த பந்தி, நான் பெரிதாக எண்ணாமல் எழுதியது: "ஆசிரியர் அறையில் மாஸ்டரின் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி. கலக்கினால் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும்."

"நில்லுங்கோ, ரீச்சர்." மங்கையக்கா கையை உயர்த்தினார். "எத்தினை கரண்டி?"

"மூண்டு."

"எந்தக் காலம்?"

"எப்பவும்தான். பென்சன் எடுத்த பிறகு என்ரை வீட்டுக்கு வந்தாலும் அதே மூண்டுதான்."

மங்கையக்காவின் முகம் மாறியது. "அவருக்குச் சீனி வருத்தம் எண்டு டொக்டர் சொல்லி எத்தினை வருசம்! வீட்டிலை ஒரு சொட்டுச் சீனி தொடமாட்டார். 'மங்கை, நாக்கைக் கட்ட வேணும்' எண்டு எனக்குப் புத்தி சொல்லுவார். பாவம், தனிய வெறுந்தேத்தண்ணி குடிக்குது மனுசன் எண்டு, அவருக்குத் துணையா நானும் சீனியை விட்டனான், ரீச்சர்! எனக்கு ஒரு சீனி வருத்தமும் இல்லை! இத்தினை வருசமா நானும் வெறுந்தேத்தண்ணி!"

மாஸ்டர் என்னிடம் இந்த நீரிழிவைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மங்கையக்கா எழுந்து நேரே மாலை போட்ட படத்துக்கு முன்னால் போனார்.

"கள்ள மனுசன்! என்னை வெறுந்தண்ணி குடிக்க வைச்சுப்போட்டு, அங்கை ரீச்சர் வீட்டிலை பாகு காய்ச்சிக் குடிச்சனீங்களோ? நாக்கைக் கட்ட வேணுமாம், நாக்கை! சிரிக்கிறார் பாருங்கோ, சிரிப்பு! நல்ல காலம் போட்டீங்கள், இல்லாட்டில் இண்டைக்கு நடக்கிறது வேறை!"

குசினிக்குள் போனார். சீனிப் போத்தல் திறக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் கேட்டன. ஆவி பறக்கும் தேத்தண்ணியோடு திரும்பி வந்து, படத்துக்கு நேரே நின்று, "இஞ்சை பாருங்கோ, மூண்டு கரண்டி" என்று காட்டி, ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். "ஐயோ, எவ்வளவு நல்லாயிருக்கு" என்றார். பிறகு சிரித்தார், குலுங்கிக் குலுங்கி, தேத்தண்ணி சாறியில் சிந்தச் சிந்த. நிரஞ்சன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மாஸ்டர் நன்றாக ஏச்சு வாங்கினார்.

அந்த ஏச்சைக் கேட்டபோதுதான் எனக்கு வெளித்தது. மனைவிக்கு ஒளித்துச் சீனி தின்ற மனிதர்கள் இந்தக் குடாநாட்டில் எத்தனை பேர்! ஊருக்கு ஊர் இருப்பார்கள். மங்கையக்காவின் ஏச்சு ஒவ்வொரு சொல்லும் அவர்கள் அத்தனை பேருக்கும் பொருந்தும். ஆனால் அது அவர்களிடம் போகவில்லை. நேரே ஒருவரிடம் போயிற்று. அவர் அங்கே இருந்தாரா இல்லையா என்றுகூட அது பார்க்கவில்லை. அவரோடு இருந்து, அவரை நம்பி, அவருக்காகக் கசப்பைக் குடித்த ஒருத்தியிடமிருந்து புறப்பட்டதால் அதற்கு வழி தெரிந்திருந்தது. கமலாக்காவின் சிரிப்புக்கும் அப்படித்தான் தெரிந்தது. மேகம் அதிபரைப் போலவே இருந்தும் அவரைப் பற்றியதாக ஆகவில்லை, ஏனென்றால் அதிபர் அதற்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, தீமையும் செய்யவில்லை.

ஆகவே உங்கள் சோதனை பிழை, மாஸ்டர். பொருந்துகிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை. நிரஞ்சன் போனிடம் கேட்டு வாங்கிய புகழுரையையும் அடுத்த பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அது ஜிம்மிக்குப் பொருந்தும்தான். ஆனால் "அப்பா" என்று தொடங்கி அங்காலை போக முடியாமல் அவன் கேட்டு வாங்கியது தகப்பனுக்கு. சாப்பாடு முடிந்து யாராவது பேனையோடு கதிரை இழுத்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

என்னிடம் மிஞ்சியிருப்பது என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். வாசற்படியில் நின்று கேட்கும் அந்தக் கேள்வி மிஞ்சியிருக்கிறது. நான் இன்னும் நரம்பு, மின்சாரம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்தக் கட்சியை விடமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது, கேட்காமலே கேட்கிறது: "எதைப் பற்றி, ரீச்சர்?" இதுவரை நான் உங்களுக்கு முழு மறுமொழி சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

உங்களைப் பற்றி, மாஸ்டர். சிவப்புப் பேனையை எடுங்கோ, பெயரை மாத்திப் பாருங்கோ. ஆருக்குப் பொருந்தினாலும் பொருந்தட்டும். நான் எழுதினது உங்களைத்தான்.